முதல் மிடறு என்னுடையது

நாற்காலியை ஜன்னலோரம் போட்டுக்கொள்ளுங்கள் ஐயா, வாக்குமூலம் எழுத வெளிச்சம் வேண்டுமே. எனக்கு இனி பகலும் இரவும் ஒன்றுதான்.

பெயர் ராயம்மாள். செஞ்சிக் கோட்டை மலைக்குப் பின்னால் பதினெட்டு வருஷம் சாராயம் காய்ச்சினேன். மதுவிலக்கு உங்களுக்குச் சட்டம், எனக்குப் பிழைப்பு. என் சரக்கைக் குடித்து ஒருவனுக்குத் தலைவலி வந்தது என்று கேள்விப்பட்டிருக்கமாட்டீர்கள். முதலில் சொட்டுவது விஷம், கண்ணையும் உயிரையும் எடுக்கும், அதைப் பாறையில் கொட்டிவிடுவேன். விற்கும்போது வாங்குகிறவர் கண்ணெதிரே முதல் மிடறு நான் குடிப்பேன். அதைப் பார்த்த பிறகுதான் குடத்தைத் தொடுவார்கள்.

வெல்ல மண்டி வீராசாமி எனக்கு வெல்லம் கொடுப்பான், சரக்கு வாங்கிக்கொள்வான். ஒருமுறை தளவானூர்க்காரருக்கு இரண்டு குடம் விற்றுவிட்டேன். அது அவனுக்குப் பொறுக்கவில்லை, போலீசுக்குத் துப்புக் கொடுத்துவிட்டான். அவர்கள் வந்தபோது அடுப்பருகே இருந்தவன் என் மகன் ஆரோக்கியநாதன். "எங்கம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது, நான்தான் காச்சனேன்" என்றான். ஜெயிலில் காய்ச்சல் கண்டு செத்துப்போனான். இருபது வயது. சாவுக்கு வீராசாமி மாலையோடு வந்தான். "இன்னா பண்றது ராயம்மா, தலையெழுத்து" என்றான். ஆமாம் என்று தலையாட்டினேன். மறுவாரமே அவனுக்குச் சரக்கும் கொடுத்தேன்.

அன்றிலிருந்து கொட்டவேண்டியதைக் கொட்டவில்லை. ஒரு வருஷம் சேர்த்துவைத்தேன்.

அங்காளம்மன் கோயில் மயானக் கொள்ளைத் திருவிழாவுக்கு முந்தின நாள் அவன் வீட்டுக்கு நானே குடம் கொண்டுபோனேன். வளர்ந்த அவன் பிள்ளைகள் மூவரும் கொல்லையில் இருந்தார்கள். "நீ மொதல்ல குடி பெரிம்மா" என்று சிரித்தான் மூத்தவன். குடித்தேன். அந்த ஒரு மிடறில் என் கண் போனது. மிச்சத்தை அவர்கள் குடித்தார்கள். இரண்டு பேர் மறுநாளே போய்விட்டார்கள். கடைசிப் பிள்ளை இதே ஆஸ்பத்திரியில் கிடக்கிறான்.

அப்பனுக்கு வைத்தது தவறிப் பிள்ளைகளிடம் போய்விட்டது என்று உங்கள் ஏட்டு இரக்கப்பட்டார். அதை அப்படி எழுதாதீர்கள். அங்காளம்மனுக்குக் காப்புக் கட்டினால் வீராசாமி சாராயத்தைத் தொடமாட்டான். வருஷா வருஷம் பார்த்திருக்கிறேன். அவன் கையில் காப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் குடத்தை இறக்கினேன். அவன் நன்றாக இருக்கவேண்டும், நூறு வயசு வரைக்கும்.

வெளியே யாரோ அழுகிறார்களே, வீராசாமி குரல்தானே? அப்படியானால் கடைசிப் பிள்ளையும் போய்விட்டான்.

ஜன்னலை இன்னும் கொஞ்சம் திறந்துவையுங்கள் ஐயா.