கட்டிலருகே வேலை மேசை

மரத்தில் முகம் செதுக்குகிறவன் முதலில் மூக்கைத்தான் எடுக்க வேண்டும், ஐயா. கண்ணெல்லாம் பிறகு. பலர் இதை மாற்றிச் செய்து நல்ல மரத்தை வீணாக்கிவிடுகிறார்கள்.

நான் குடிநீர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். விரல் நீளப் பொம்மைகள் செதுக்குவது பொழுதுபோக்கு. மனைவி தையல்காரி. காலையில் கடைக்குப் போனால் இருட்டும்போதுதான் வருவாள். வந்த பிறகும் யாராவது ஒருத்தி துணியோடு வாசலில் நிற்பாள். என் பொம்மைகளை அவள் நின்று பார்த்ததே இல்லை.

போன வருடம் கடைப் படிக்கட்டில் வழுக்கிக் காலை முறித்துக்கொண்டாள். அவள் கட்டிலை என் வேலை மேசைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டேன். நான் செதுக்கச் செதுக்கப் பார்த்துக்கொண்டே படுத்திருப்பாள். ஒருநாள் ஒரு குதிரையைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"உடம்பு குதிரைதாங்க. மூஞ்சி மட்டும் உங்க அண்ணன்."

இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். கல்யாணமாகி முப்பத்தொரு வருடத்தில் அப்படிச் சிரித்ததாக எனக்கு நினைவில்லை.

மூன்றாம் மாதம் மருத்துவர் மாவுக்கட்டைப் பிரித்தார். "எலும்பு நல்லா கூடிடுச்சு. இனி தாராளமா நடக்கலாம்." அவள் முகம் மலர்ந்தது. அவள் கட்டிலை மட்டும் நான் மேசைப் பக்கத்திலிருந்து நகர்த்தவில்லை.

நான் தூக்க மாத்திரை சாப்பிடுகிறவன். அதில் பாதியைப் பொடித்து அவள் பாலில் கலந்தேன். பாதிதான். பிறகு முழுசாக ஒன்று. எழுந்து நின்றால் தள்ளாடினாள்.

"கால் சரியாச்சு, தலை போயிடுச்சுங்க. எனக்கு என்னமோ ஆயிடுச்சு" என்று என் தோளில் சாய்ந்து அழுதாள். அந்த அழுகையை என்னால் தாங்க முடியவில்லை. அன்று சற்று முன்னதாகவே பால் கொடுத்துவிட்டேன்.

வெளியூரில் இருக்கும் எங்கள் மகள் தினமும் போன் செய்வாள்.

"அம்மாகிட்ட குடுங்கப்பா."

"தூங்குறாம்மா."

"எப்ப கூப்பிட்டாலும் தூக்கமா? சனிக்கிழமை நானே வந்து கூட்டிட்டுப் போறேன்."

அது மனைவியின் காதில் விழுந்துவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டே போய்த் தன் துணிகளைப் பெட்டியில் அடுக்கினாள். பாதியில் களைத்துத் தரையில் உட்கார்ந்தாள், மறுபடி எழுந்து அடுக்கினாள். நான் உதவி செய்தேன்.

சனிக்கிழமை காலை, மிச்சமிருந்த மாத்திரை எல்லாவற்றையும் பொடித்து அவள் பாலில் கலந்தேன்.

"கசக்குதுங்க."

"இன்னும் கொஞ்சம் சர்க்கரை போடுறேன்" என்றேன். போட்டேன். குடித்துவிட்டுப் படுத்தாள்.

பதினொரு மணிவாக்கில் அவள் மூச்சு மாறியது எனக்குத் தெரிந்தது. மருத்துவர் வீடு அடுத்த தெருவில்தான். நான் உளியைக் கீழே வைக்கவில்லை.

மதியம் மகள் வந்தாள். அம்மாவின் கையைத் தொட்டாள். மேசைமேல் கிடந்த காலி மாத்திரை அட்டையைப் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஏம்பா? நான்தான் வந்துட்டேனே. நான் பாத்துக்க மாட்டேனா?"

பாவம், குழந்தை. அவளுக்குப் புரியும்படி பொறுமையாகத்தான் சொன்னேன், ஐயா.

"அம்மாவுக்கு என்னை விட்டா யாரும்மா இருக்கா?"