தண்டவாளத்தோரத் தக்காளி

அதத்தாங்க நானும் கேக்கறேன்! ரயிலுன்னா எதுக்குங்க? ஓடறதுக்கு. நிக்கறதுக்குத்தான் ஸ்டேசன்னு ஒண்ணு கட்டி வெச்சிருக்காங்களே, அங்க நிக்கட்டும், எவன் வேணாங்கறான்? இப்பிடி ஒரு பக்கம் ராகிக் கொல்லை, ஒரு பக்கம் பாறை… நடுவுல வந்து நின்னா என்னா அர்த்தம்? ராயக்கோட்டையில ஏறி, உக்காந்து, துண்ட ஒதறி மடியில போடல, அதுக்குள்ள நின்னுபோச்சு. நானும் கிராசிங்கோன்னு பாத்தேன். எதிர்ல ஒரு வண்டியும் காணோம். ஒரு ஈ காக்காயக் காணோம்.

அந்தக் காதுல சொருவியிருக்கறத கொஞ்சம் எடுங்க சார். பாட்டு எங்கயும் ஓடிப்போவாது. ஆங்… ராஜ்குமார்தானே? கழுத்துல தொங்குதே அட்டை, அதுல படிச்சேன். ஓசூர் கம்பெனியா? பேச்சப் பாத்தா தெக்கத்திக்காரர் மாதிரி… நீங்க எங்க பேசனீங்க, நாந்தானே பேசிக்கிட்டு இருக்கேன். சரி, மூஞ்சப் பாத்தா தெக்கத்தி மாதிரி இருக்குது. விருதுநகரா? பாத்தீங்களா! கங்கப்பன் சொன்னா தப்பாது. நாந்தாங்க கங்கப்பன்.

எனக்கு இந்த ரயிலப் பத்தி அத்தனையும் தெரியுங்க. எத்தன வருசமா போறேன். ஒரு தடவ ஓசூருக்கு ஒரு கிரகப்பிரவேசம், இதே வண்டியில ஏறனேன். காலங்காத்தால எந்திரிச்சதா, கண்ணு சொக்கிருச்சு. முழிச்சுப் பாத்தா பெங்களூரு! சரின்னு சாயங்கால வண்டியப் புடிச்சேன். அதுலயும் தூங்கிட்டேன். முழிச்சா தர்மபுரி. கிரகப்பிரவேசத்துக்குப் போனவன் வெறும் வயித்தோட ரெண்டு ஸ்டேட்டப் பாத்துட்டு வந்தேன். எம் பொஞ்சாதி முனிலட்சுமி இன்னிக்கும் யாராச்சும் வந்தா அந்தக் கதையத்தான் மொதல்ல எடுப்பா.

அவ கிருஷ்ணகிரிக்காரிங்க. வாயி சும்மா இருக்குமா? ஆனா ஒண்ணு சொல்லி அவள அடக்கிருவேன். கிருஷ்ணகிரில மாங்கா இருக்குது, டேம் இருக்குது, கலெக்டர் ஆபீசு இருக்குது. ரயிலு இருக்குதா? வருது வருதுன்னு அவங்க தாத்தா காலத்துல இருந்து சொல்லிக்கிட்டு கெடக்கறாங்க. பொண்ணு பாக்கப் போனப்பவே எங்க மாமனார்கிட்ட கால் மேல கால் போட்டு உக்காந்து சொன்னேன், “எங்க கொல்லையோரமாவே ரயிலு போவுதுங்க”ன்னு. ரயிலு போற ஊருன்னு பொண்ணக் குடுத்துட்டாரு. அப்புறமேட்டு வந்து பாத்துட்டு, “போவுது மாப்ள, நிக்கலையே”ன்னாரு.

சரி, அத உடுங்க. வண்டி ஏன் நிக்குதுன்னு கேக்கறீங்களா? உங்களுக்குத் தெரியாதா? அந்த ஓரத்துல உக்காந்திருக்காரே மல்லிப்பூ மூட்டைக்காரரு, “ஆனெ பந்தைத்தெ”ன்னு கன்னடத்துல கத்தனாரே. அந்தம்மா தெலுங்குல “ஏனுகுலு, ஏனுகுலு”ன்னு நெஞ்சுல கை வெச்சதே. யானைங்க! முன்னாடி எஞ்சினுக்கு எதுக்க, தண்டவாளத்து மேலயே நிக்குதாம். மூணு பெருசு, ஒரு குட்டி. சானமாவுக் காட்டுப் பக்கம் சுத்தற கூட்டமா இருக்கும், இல்ல புதுசா வந்ததோ என்னமோ. டிரைவரு பாவம், நல்ல மனுசன், தூரத்துலயே பாத்துட்டு பிரேக்கப் போட்டாரு. ஆரன் அடிச்சா குட்டி மெரளும், தாயி ஏறி வரும். அவரு என்னா பண்ணுவாரு?

யானை சும்மா நிக்குமாங்க? தின்னுக்கிட்டு நிக்குது. எவனோ தண்டவாளத்தோரம் லோடு லோடா தக்காளியக் கொட்டி வெச்சிருக்கறானாம்.

கேட்டதும் இந்த ரயிலு டப்பாவே கொதிச்சுப்போச்சு பாத்தீங்களா? “எவன்டா அவன், அறிவு கெட்டவன்”னு அந்த யூனிபாரம் போட்ட தம்பி கேட்டான். “அவன நிக்க வெச்சு கேக்கணும்”னு பூக்காரரு. அப்பறம் ஒருத்தன் எந்திரிச்சு நின்னு, “அவனெல்லாம் சோறுதான் திங்கறானா? நாலு பேரு பொழப்புக்குப் போற வண்டிங்கற நெனப்பு வேணாமா?”ன்னு தொண்டை கிழியக் கத்தனான் இல்ல?

ஆமாங்க. அது நாந்தான்.

நீங்க ஏன் அப்பிடிப் பாக்கறீங்க? கத்தனா என்னா தப்பு? எல்லாரும் கத்தறப்ப ஒருத்தன் மட்டும் சும்மா உக்காந்திருந்தா சந்தேகம் வராதா… இல்ல, சந்தேகம்னு சொல்ல வரல. ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

அங்க, ஜன்னலோரம், பச்சை சுடிதார்ல, மூஞ்சத் திருப்பிக்கிட்டு வெளிய பாத்துக்கிட்டு இருக்குதே ஒரு புள்ள… எம் பொண்ணுங்க. மோகனப்ரியா. பர்கூர்ல எஞ்சினீரிங் முடிச்சிருக்குது. இன்னிக்குப் பெங்களூருல ரயில்வே பரீச்ச. சாதாரண வேலைக்கு இல்லீங்க, ரயிலு ஓட்டற வேலைக்கு! மொத ரவுண்டு பாஸ் பண்ணிருச்சு, இது ரெண்டாவது. பரீச்ச நடக்கற எடத்துல கேட்ட மூடிட்டா மூடனதுதான், அப்பறம் கும்புட்டாலும் தொறக்க மாட்டாங்களாம். ரயில்வே பரீச்சைக்கு ரயிலாலயே லேட்டாச்சுன்னா எவன் நம்புவான் சொல்லுங்க.

எதுக்கு இந்த வண்டிய நம்பி வந்தோம்னுதானே நெனைக்கறீங்க? கரெக்ட்டு. அவ நேத்தே கெளம்பறேன்னா. ஓசூர்ல சிநேகிதி ரூம் எடுத்துத் தங்கியிருக்கா, நைட்டு அங்க படுத்துட்டு விடியறதுக்குள்ள பஸ்ஸப் புடிச்சுப் போயிக்கறேன்பான்னா. நாந்தான், “வயசுப் பொண்ணு வெளியூர்ல தங்கறதாவது, தனியாப் போறதாவது, நான் கூட வரேன், ரயிலுக்கு மிஞ்சன சேப்டி ஏது”ன்னு… இப்ப பாருங்க, ரொம்ப சேப்டியா உக்காந்திருக்கோம். அசங்காம.

காலையில இருந்து ஒரு வார்த்த பேசலீங்க எங்கிட்ட. வண்டி நின்னப்பகூடப் பேசல. தக்காளின்னு காதுல உழுந்ததும் ஒரே ஒரு தடவ திரும்பிப் பாத்தா. அந்தப் பார்வ இருக்குதே… அவங்கம்மா பார்வைங்க. நீ கத்துப்பா, நல்லா கத்துங்கற மாதிரி.

சரிங்க, உங்ககிட்ட சொல்றதுக்கு என்னா. எதிர் சீட்டுக்காரரு, தெக்கத்திக்காரரு, நாளைக்கு உங்கள எங்க பாக்கப்போறேன். கிட்ட வாங்க. தக்காளி நம்முளுதுதான்.

சத்தம் போடாதீங்க சார்! சிரிச்சீங்களா? சிரிக்கறதுன்னா சிரிங்க, கத்தாதீங்க. ராயக்கோட்டை மண்டிக்கு வண்டி கட்டி எடுத்துட்டுப் போனா, ஏலத்துல ஒருத்தனும் திரும்பிப் பாக்கல. பறிச்ச கூலிக்கே கட்டாது. இறக்கவே வேணாம், திருப்பி எடுத்துட்டுப் போங்கறான் மண்டிக்காரன். என்னா பண்ணுவீங்க? ஊரே ரோட்டோரத்துலதான் கொட்டுது. மோகனப்ரியா சொன்னா, “எருக்குழியில கொட்டி மண்ணத் தள்ளுப்பா, வாசத்துக்கு யானை வந்துரும்”னு. அவ சொல்லி நான் கேக்கறதா? “எனக்குத் தெரியாத யானையா”ன்னேன். நம்ம கொல்லைய ஒட்டி ரயில்வே ஓரம் காலியாத்தான கெடக்குதுன்னு டிராக்டர உட்டு அங்க கொட்டிட்டேன்.

ஆமாங்க, இது நம்ம கொல்லைதான். ஜன்னல்ல அந்தா தெரியுது பாருங்க தென்னை, அது எங்கப்பா வெச்சது. எங்க மாமனாரு இன்னிக்கு இருந்திருந்தா கையப் புடிச்சுக் கூட்டியாந்து காட்டியிருப்பேன். “பாருங்க மாமா, நின்னுருச்சு!”ன்னு.

அதோட முடிஞ்சிருந்தா பரவால்லீங்க. தின்னுட்டு அது பாட்டுக்குக் காட்டுக்குப் போயிருக்கும். போவும்தானே? யானைக்கு என்னா, பெங்களூருல பரீச்சையா? போவ முடியலீங்க. இருங்க, சொல்றேன். டிராக்டரு போவறதுக்கு, காட்டுப்பக்கம் இருக்கற சோலார் வேலியோட கேட்டத் தொறந்தேன். தொறந்தவன் மூட மறந்துட்டேன். ராத்திரி அந்த வழியாத்தான் கூட்டம் உள்ள வந்து, கொல்லையக் கடந்து இந்தப் பக்கம் எறங்கியிருக்குது. காலையில நான் கெளம்பறப்ப பாத்தா கேட்டு தொறந்து கெடக்குது. அய்யோ, யானை வந்துருமேன்னு பதறிப்போயி இழுத்து மூடி, மோட்டார் ரூமுல சுச்சப் போட்டு, கம்பியில கரண்டு ஏறுதான்னு பாத்துட்டு, ரூமப் பூட்டிக்கிட்டு, பொறுப்பா வந்து ரயிலேறனேன். யானை காட்ட உட்டு கொல்லைக்குள்ள வராம இருக்கத்தாங்க வேலி. நான் யானைய உள்ள வெச்சு… இல்ல, வெளிய வெச்சு… எப்பிடியோ, அது வீட்டுக்குப் போற வழிய அடைச்சுட்டேன். பின்னால போனா சுள்ளுன்னு அடிக்குது, முன்னால வந்தா ரயிலு நிக்குது. அதுங்களும் நம்மள மாதிரிதாங்க, போக வழியில்லாம நிக்குதுங்க.

ஷ்ஷ்… தலையக் கொஞ்சம் நகத்துங்க, என்னைய மறைச்சுக்கோங்க. காக்கிச் சட்ட போட்டுக்கிட்டு ஓடறானே, பாரஸ்ட்டு வாச்சரு ராமப்பன். எனக்குப் பங்காளி மொறைதான். என்னா கத்தறான்? “வேலிய ஆப் பண்ணுங்கடா! யாரு கொல்லைடா இது? மோட்டார் ரூமு பூட்டியிருக்குதுடா!” கேட்டீங்களா? யாரு கொல்லைன்னு அவனுக்குத் தெரியாதாமா! என் வீட்டுல கறி தின்னவன். சும்மா ஊருக்குக் கேக்கட்டும்னு கத்தறான்.

வீட்டுக்குப் போன் போட்டு ஆப் பண்ணச் சொல்லலாமேங்கறீங்க. சொல்லலாம். சாவி எங்கிட்ட இருக்குதே. முனிலட்சுமி கரண்டு மிச்சம்னு ஆப் பண்ணிருவாளோன்னு… சோலாருக்கு ஏதுங்க கரண்டு பில்லு? இருந்தாலும் அவகிட்டக் குடுக்க மனசு வரல. அரணாக்கயித்துல கட்டிக்கிட்டு வந்துட்டேன்.

அப்ப எறங்கிப் போயி தொறங்கன்னு கண்ணாலயே சொல்றீங்க. தெரியுதுங்க. மோட்டார் ரூமு பின்னால கடைசி டப்பாக்கிட்ட, யானை நிக்கறது முன்னால. வரப்புல போனா போயிரலாம். தூரம் இல்ல. எறங்குனா ஊரே பாக்கும். தொண்டை கிழியக் கத்தனவனே அவன்தான்டான்னு இந்தப் பூக்காரரு சிரிப்பாரு. சிரிக்கட்டும், அதுகூடப் பரவால்ல. நான் போயி ஆப் பண்ணனதும் யானை எறங்கிரும், வண்டி கெளம்பிரும். எனக்கோசரம் நிப்பாட்டுவாங்களா? மாட்டாங்க. அப்ப அவ தனியாப் போவணும். பெங்களூருக்கு. அந்த ஊரு ஜனத்துல. திரும்பி வரதும் தனியாத்தான்.

அதுக்குத்தாங்க இவ்வளவு நேரம் உங்ககிட்டப் பேசிக்கிட்டு உக்காந்திருக்கேன். இந்தப் பேச்சு பேசறதுக்குள்ள வேற எவனாச்சும் வந்து பூட்ட ஒடைச்சுரமாட்டானான்னு. ஒருத்தனும் ஒடைக்கல. நல்ல பூட்டா வாங்கித் தொலைச்சுட்டேன்.

நேரம் என்னா ஆவுதுங்க? …அய்யய்யோ. இப்ப கெளம்பனாத்தான் பரீச்ச கேட்டு மூடறதுக்குள்ள போவ முடியும்.

அவள பாருங்களேன். இந்த டப்பாவுல எல்லாருக்கும் கேக்க, கொட்டனது எங்கப்பாதான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா என்னைய அடிச்சே எறக்கியிருப்பாங்க. சொல்லல. பரீச்ச போவுது, ரெண்டு வருசப் படிப்பு போவுது, கண்ணு கலங்கி உக்காந்திருக்கா, என் மானத்த மட்டும் காப்பாத்திக்கிட்டு இருக்கா. அவளுக்கு ஒரு பயமும் இல்லீங்க, ரயிலையே ஓட்டப்போறவ. பயமெல்லாம் எனக்குத்தான். இதுல ஏறி ரெண்டு தடவ தூங்கித் தொலைஞ்சவன் நானு. நான் போயி அவளுக்குத் தொணையாம்!

எந்திரிக்கறேங்க. காலக் கொஞ்சம் மடக்குங்க. இந்தப் பையில எலுமிச்ச சாதம் இருக்குது, அவகிட்டக் குடுத்துருங்க. அப்பறம் ஓசூருல நீங்க எறங்கற வரைக்கும் அவளக் கொஞ்சம் பாத்து… இல்லீங்க. வேணாம். நீங்க ஒண்ணும் பாத்துக்க வேணாம். சாதத்த மட்டும் குடுங்க.

வழி உடுங்கப்பா. பூக்காரரே, தள்ளுங்க. எங்கயா? தக்காளி கொட்டனவனத் தேடனீங்களே, இந்தா, முழுசா நிக்கறேன், பாத்துக்கோங்க. திட்டறவங்க ஜன்னல்ல நின்னு திட்டுங்க, எனக்கு வேலை இருக்குது. யம்மாடி, என்னா ஒசரம் இந்தப் படி! பிளாட்பாரம் இல்லாம எறங்குனா கெணத்துல எறங்கற மாதிரி இருக்குது…

என்னா சாமி? …சார், கேட்டீங்களா? “பாத்து எறங்குப்பா”ங்கறா. பேசிட்டா சார், பேசிட்டா! நீ போ கண்ணு. நல்லா எழுது. நான் வரல. போயிட்டுப் போன் பண்ணு… பண்ணாட்டியும் பரவால்ல, எழுதிட்டு வா. ஆ, கல்லு… ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, நிக்கறேன்.

டேய் ராமப்பா! இங்கடா, இங்க! நாந்தான்டா கங்கப்பன்! சாவி இந்தா இருக்குது! திட்டறத சாயங்காலம் வீட்டுக்கு வந்து திட்டு. மொதல்ல எம் பொண்ணு போவட்டும், வேலிய ஆப் பண்ணிட்டு ரயில உடச் சொல்லுடா!