பின்விறாந்தைக்குப் போட்ட ரைல்ஸ்

வீட்டுக்குள்ளை நிலத்துக்குப் போடுற ரைல்ஸ் வேறை, வெளியிலை போடுற ரைல்ஸ் வேறை எண்டு கனபேருக்குத் தெரியாது, ஐயா. எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. லக்ஷன் கனடாவிலை இருந்து கதைக்கேக்கை, "சின்னம்மா, அம்மா நெடுக அறைக்குள்ளையே கிடக்கிறா. வீட்டுக்குப் பின்னாலை ஒரு விறாந்தை இறக்கி, மேலை கூரைக்கு ஷீற் போட்டு, காத்தோட்டமா இருக்கச் செய்து குடுங்கோ" எண்டு சொன்னவன். அதுக்குப் பிறகுதான் உதுகளை விசாரிக்கத் தொடங்கினனான்.

லக்ஷன் என்ரை அக்கா பூரணத்தின்ரை ஒரே மகன். அக்கா விழுந்து செத்த அண்டைக்கு நீங்கள் புத்தூருக்கு வந்து மரண விசாரணை செய்தனீங்கள். மழைத் தண்ணியிலை வழுக்கினது எண்டு எழுதிக்கொண்டு போனீங்கள். அது சரியில்லை. அதைச் சொல்லத்தான் பஸ் ஏறி வந்தனான். ஆறுதலாச் சொல்லுறன். இப்ப எனக்கு எதையும் கெதியாச் செய்ய ஏலாது. களைப்பு.

அக்காவுக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் இழுத்துப்போட்டுது. அவவின்ரை மனுசன் முந்தியே செத்துப்போனார். நான் கலியாணம் கட்டாதவள். முன்பள்ளியிலை படிப்பிச்சதை விட்டுட்டு அவவோடை வந்து இருந்தன். குளிக்க வாக்கிறது, தலை இழுக்கிறது, படுக்கை தோய்க்கிறது, தூக்கி இருத்திறது எல்லாம் நான்தான். அக்கா சினக்கிற ஆள் இல்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கோ. ஒரு வாய் சோறு தீத்தினாலும், "பாவம் மலர், என்னாலை உனக்குக் கரைச்சல்" எண்டுவா. வாற போற சனத்துக்கெல்லாம், "என்ரை தங்கச்சி இல்லாட்டி நான் எப்பவோ சாம்பல்" எண்டுவா. ஏசுற ஆளெண்டா நானும் திருப்பி ஏசலாம். நன்றி சொல்லுற ஆளை என்ன செய்யிறது?

வைகாசியிலை யாழ்ப்பாணத்துக்குக் கிளினிக்குக்குக் கொண்டுபோனன். டொக்டர் சோதிச்சுப் பாத்துப்போட்டு, "அம்மாவுக்கு இருதயம் நல்லாயிருக்கு. விழாமல் பாத்துக்கொண்டீங்கள் எண்டா இன்னும் பதினைஞ்சு வருஷத்துக்குப் பயமில்லை" எண்டு சிரிச்சார். அக்கா அவரைக் கையெடுத்துக் கும்பிட்டா. நானும் சிரிச்சன். வரேக்கை ஓட்டோவுக்குள்ளை அக்கா என்ரை தோளிலை சாய்ஞ்சு நித்திரையாப் போனா. எனக்கு அப்ப அறுபத்தொண்டு. அதோடை பதினைஞ்சைக் கூட்டிப் பாத்தன். வேறையொண்டும் யோசிக்கேல்லை.

அடுத்த மாசம்தான் லக்ஷன் விறாந்தைக் கதையை எடுத்தவன். மூண்டு விதமா விலை கேட்டு அனுப்பினன். சிவப்புச் சீமெந்து இழுக்கிறது மலிவு, ஆனா ரெண்டு வருஷத்திலை வெடிச்சுப்போகும். சொரசொரப்பு ரைல்ஸ் நடுத்தரம். மினுக்கு ரைல்ஸ் எல்லாத்திலும் விலை கூட. ரைல்ஸ் கடையிலை சாருஜா எண்டொரு பிள்ளை நிண்டது. ரெண்டு ரைல்சை நிலத்திலை வைச்சுத் தண்ணி ஊத்தச் சொன்னன். செருப்பைக் கழட்டிப்போட்டு ரெண்டிலையும் காலை வைச்சு இழுத்துப் பாத்தன்.

"நனைஞ்சா எவ்வளவு வழுக்கும், பிள்ளை?"

"மினுக்கு நல்லா வழுக்கும், அன்ரி. அது வீட்டுக்குள்ளை ஹோலுக்குப் போடுறது. வெளிக்கு மற்றதைத்தான் போடோணும். வீட்டிலை வயசான ஆக்கள் இருக்கினமோ?"

"ஓம், அக்கா இருக்கிறா. நடக்கிறது கஷ்டம்."

"அப்பிடியெண்டா மினுக்கை நினைச்சும் பாக்காதேங்கோ."

நான் நினைச்சுப் பாத்தன், ஐயா.

சொரசொரப்பிலை செம்மண் ஏறினாப் போகாது, நெடுகத் தேய்ச்சுக் கழுவ என்ரை இடுப்பு விடாது எண்டு லக்ஷனிட்டைச் சொன்னன். அது பொய்யில்லை, எங்கடை புத்தூர் மண்ணை நீங்களும் கண்டனீங்கள். "காசைப் பாக்காதேங்கோ சின்னம்மா, நல்லதாப் போடுங்கோ" எண்டான் அவன். நல்லதாப் போட்டன்.

மேசன் ஜெறோம் குருநகர் ஆள், கவனமான மனுசன். "அக்கா, வெளிப்பக்கமாக் கொஞ்சம் சரிவு விடுவம். இல்லாட்டித் தண்ணி தேங்கும்" எண்டார். கதிரை ஆடும், மட்டமா விடுங்கோ எண்டன். சுவரோரம் கைபிடிக் கம்பி ஒண்டு அடிப்பமோ எண்டு கேட்டார். கணக்குக் கூடிப்போகும், வேண்டாம் எண்டன். ரைல்சுக்கு அள்ளிக் குடுத்த மனுசி கம்பிக்குப் பஞ்சம் பாடுது எண்டு நினைச்சிருப்பார். ஒவ்வொண்டுக்கும் என்னட்டை ஒரு நியாயம் இருந்தது. சொல்லேக்கை நானே அதுகளை நம்பினன்.

ஆவணியிலை வேலை முடிஞ்சுது. அக்காவுக்கு எவ்வளவு புழுகம் எண்டு சொல்லேலாது. காலமை தொடக்கம் கதிரையிலை இருந்து வெங்காயத் தோட்டத்தைப் பாத்துக்கொண்டிருப்பா. தண்ணி இறைக்க வாற சனத்தோடை கதைப்பா. சாப்பாடு கூடிச்சுது, முகம் தெளிஞ்சுது. ஐப்பசி பிறக்க, வோக்கரைப் பிடிச்சுக்கொண்டு தானாக் கதிரைக்கு நடக்கத் தொடங்கிட்டா. லக்ஷன் அதை வீடியோவிலை பாத்துப்போட்டு அழுதவன்.

பிறகு மழை துவங்கிச்சுது. வாடைக்காத்து அடிச்சா ஷீற்றுக்குக் கீழை பாதி விறாந்தை நனையும். நான் மழையை நம்பித்தான் இருந்தனான். ஆனா பெய்த ஒவ்வொரு நாளும் நானே பழஞ்சீலையை எடுத்துத் துடைச்சு, அக்காவைக் கையிலை பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போனன். ஏன் அப்பிடிச் செய்தன் எண்டு எனக்குத் தெரியாது. கை பழகிப்போச்சுதாக்கும். அக்காவும் என்னைக் கேக்காமல் கால் வைக்க மாட்டா.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்த லக்ஷன் போகேக்கை என்ரை காலிலை விழுந்து கும்பிட்டான். "நீங்கள் செய்ததை நான் எந்தப் பிறப்பிலும் மறக்க மாட்டன், சின்னம்மா" எண்டான். திரும்பவும் நன்றி. அக்காவோடை அது முடிஞ்சுது எண்டு நினைச்சிருந்தன். இனியும் அதைக் கேட்டுக்கொண்டிருக்க என்னாலை ஏலாது. அதுதான் வந்தனான்.

அக்கா விழுந்த அண்டைக்கு நடந்ததைச் சொல்லுறன். விடியப் படுக்கையை மாத்தேக்கை எனக்கு இடுப்புப் பிடிச்சுக்கொண்டுது. கட்டில் விளிம்பிலை குந்தினன். அக்கா நல்ல கையாலை என்ரை முதுகைத் தடவி, "இப்பிடியே போனா உன்னை அனுப்பிப்போட்டுத்தான் நான் போவன் போலை" எண்டு சொல்லிச் சிரிச்சா. பகிடியாத்தான் சொன்னவ. நானும் சிரிச்சுப்போட்டு எழும்பினன்.

மழை அண்டைக்குக் காலமை பெய்யேல்லை, ஐயா. நல்ல வெயில். நீங்கள் வர முதல் ஒரு பாட்டம் மழை அடிச்சது, அதைத்தான் நீங்கள் கண்டனீங்கள். நான் சவுக்காரத் தூளை வாளியிலை கரைச்சு விறாந்தை முழுக்க ஊத்தினன். துடைக்கேல்லை. மட்டமான நிலமெண்டபடியா அப்பிடியே நிண்டுது. தேத்தண்ணி ஊத்திக் கதிரைக்குப் பக்கத்திலை வைச்சன். பிறகு குசினிக்குள்ளை வந்து நிண்டு, "அக்கா, தேத்தண்ணி ஆறுது, வாங்கோ" எண்டு கூப்பிட்டன்.

அக்கா வோக்கரோடை வாசலிலை நிண்டு கேட்டா. "கழுவின மணம் வருது, துடைச்சனியோ மலர்?"

"ஓம்" எண்டன்.

சத்தம் கேட்டுது. நான் அடுப்பை அணைச்சுப்போட்டுத்தான் போனன். விறாந்தைப் படி விளிம்பிலை தலை அடிபட்டு மல்லாந்து கிடந்தா. கண் திறந்திருந்தது. நான் காலைத் தூக்கி வைக்க, கையை மெல்ல உயர்த்தி என்னை மறிச்சா.

"பாத்து வா, பிள்ளை, வழுக்குது. நீயும் விழுந்தா உன்னை ஆர் பாக்கிறது?"

அதுக்குப் பிறகு கதைக்கேல்லை. நான் முதல் நல்ல தண்ணி ஊத்திச் சவுக்காரத்தைக் கழுவி விட்டன். பிறகு பக்கத்திலை இருந்து, மூச்சு அடங்குமட்டும் கையைப் பிடிச்சுக்கொண்டிருந்தன். அதுக்குப் பிறகுதான் அயலைக் கூப்பிட்டது.

அக்கா கடைசி மட்டும் என்னைப் பற்றித்தான் யோசிச்சவ. நானும் அவவைப் பற்றித்தான் யோசிச்சனான், ஐயா. நான் முந்திப் போயிருந்தா, அவவை ஆர் பாக்கிறது?