இரண்டு பேருக்கான வண்டி

மீன் வாடை விஷயத்தில் நான் யாரையும் குறை சொல்ல மாட்டேன், சார். குளச்சலிலிருந்து கோட்டாறு சந்தைக்கு மீன் ஏற்றிய என் வண்டி அது. கழுவிக் கழுவிக் கைதான் வெளுத்தது; வாடை போகவில்லை. நாற்றத்துக்கும் ஒரு விசுவாசம் உண்டு. மனிதரிடம்தான் அது கிடைப்பதில்லை.

ஸ்டெனி என் தங்கை ஷீஜாவின் வீட்டுக்காரன். துபாயில் ஏதோ கம்பெனியில் ஸ்டோர் பார்த்தவன், ஊர் திரும்பியதும் உலகப் பயணி ஆகிவிட்டான். யூடியூபில் ஒரு வெள்ளைக்காரன் வேனுக்குள் முட்டை பொரிப்பதைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தான்.

"மச்சான், ஒங்க வண்டிய கேம்பராக்குவோம். கட்டில் ரெண்டு. ஒண்ணு எனக்கு, ஒண்ணு ஒங்களுக்கு. நாடு பூரா சுத்துவோம், கேட்டியளா."

நான் இந்த மாவட்டத்தைத் தாண்டியதில்லை. கல்யாணமும் செய்யவில்லை. எனக்கென்று ஒரு இடத்தை ஒருவன் ஒதுக்கியது அதுதான் முதல் தடவை.

மீன் ஓட்டத்தை நிறுத்தினேன். இருவருமாகப் பலகை அறுத்தோம், ஜன்னல் வெட்டினோம், அடுப்பு பொருத்தினோம். வண்டி தன் பேரில் இருந்தால்தான் கேம்பராகப் பதிய எளிது என்றான். தயங்கினேன். ஷீஜா வந்து, "அண்ணா, ஒப்புப் போட்டுக் குடு. நம்ம ஆளுதானே" என்றாள். கையெழுத்துப் போட்டேன்.

சோதனை ஓட்டத்துக்கு அவன் வைத்த பெயர் சஃபாரி. பேச்சிப்பாறைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்து ஓரத்தில் தங்கி, காட்டோடு உரையாடப் போகிறானாம். வீட்டிலிருந்து ஒன்றரை மணி நேரம், சார். சஃபாரி சட்டையில் எண்ண முடியாத பைகள். ஒன்றில் விக்ஸ் இருந்தது, மற்றவற்றில் காற்று.

புறப்படுவதற்கு முந்தைய நாள் உள்ளே எட்டிப் பார்த்தேன். இரண்டு கட்டிலையும் சேர்த்து ஒரே மெத்தை.

"இது ரெண்டு பேருக்குள்ள வண்டியாக்கும் மச்சான். நானும் ஷீஜாவும்."

"அப்ப நான்?"

"நீங்க கொடி காட்டணும்லா."

ஷீஜாவும் சேர்ந்து சிரித்தாள்.

அந்தத் தோட்டத்தில் பலாமரத்துச் சக்கையைப் பழுக்குமுன்பே வெட்டி இறக்கிவிடுவார்கள். பழுத்த வாசனைக்கு யானை சுவரை இடிக்கும். சில நாள் அந்தப் பக்கமும் மீன் கொண்டுபோன காலத்தில் பார்த்திருக்கிறேன். ஆகவே மெத்தைக்கு அடியில், ஐஸ்தண்ணீர் வடிகிற பள்ளத்தில், பழுத்தால் குழைந்து ஊரையே மணக்கவைக்கும் கூழன் சக்கைகள் இரண்டை வைத்துப் பலகை அடித்தேன். பழுத்ததை வைக்கவில்லை. அங்கே போய்ப் பழுக்கிற பதமாகத் தேடி வாங்கினேன். மீன் வாடை போக அவன் கொட்டிய அத்தரில் மனித மூக்கு எதையும் அறியாது.

மறுநாள் கொடி காட்டினேன். நன்றாகவே காட்டினேன்.

மூன்றாம் நாள் ராத்திரி, இருவரும் மெத்தையில் தூங்கும்போது யானை வந்தது. வண்டியின் பின்பாதியை நசுக்கிப் பிய்த்து, சக்கையை மட்டும் தின்றுவிட்டுப் போயிருக்கிறது. சைவம்.

யானை செய்ததற்கு நான் பொறுப்பில்லை என்று வக்கீல் சொல்லச் சொல்வார். சொல்ல மாட்டேன். ஸ்டெனியைக் கொல்லத்தான் அதை வரவழைத்தேன்.

ஷீஜா விஷயம் வேறு. வண்டி கிளம்பும்போது ஜன்னலருகே போய், "மக்கா, ராத்திரி நீ முன்சீட்டுல படுத்துக்க" என்றேன்.

"எதுக்குண்ணா? மெத்த கெடக்குல்லா" என்றாள்.

அதற்குமேல் ஒரு அண்ணன் என்ன சொல்ல முடியும்? முன்சீட்டில் ஒரு கீறல்கூட இல்லை என்று நீங்களே சொன்னீர்கள். அவன் ஏமாற்றியதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், சார். கூடப்பிறந்தவளும் கடைசிவரை என் பேச்சைக் கேட்கவில்லை பாருங்கள், அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.