இடக்கைக்கு மாறிய கயிறு

டென்மார்க்கில், இக்காஸ்டிலிருந்து ஹேர்னிங் போகும் காலை ரயிலில், எனக்கு எதிரே ஓர் அண்ணனும் தங்கையும் இருந்தார்கள். தங்கைக்கு நாற்பது வயதிருக்கும். வலக்கையில் பெரிய கட்டு.

"கண்டுக்குட்டிக்கு என்ர பெருவிரல் போனது தெரியாது, அண்ணை. அது எப்பவும்போலதான் ஓடும்," என்றாள்.

நான் பத்திரிகையை மடித்து வைத்தேன்.

"குதிரையில ஓடிக்கொண்டே கயிறு எறிஞ்சு கண்டுக்குட்டியைப் பிடிக்கிற போட்டியில மூண்டுதரம் சம்பியன் ஆயிட்டாய். காணாதே?"

"காணாது. இன்னொருதரம் வேணும்."

"சேணத்துக் கொம்பில கயிறைச் சுத்தேக்க, கண்டு இழுத்த இழுவையில விரலையும் சேர்த்தெல்லோ அறுத்தது. இனி எந்தக் கையால எறிவாய்?"

"இடக்கையால. ஆறு கிழமையா வீட்டு வளவுக்குள்ள நாலுகால் கதிரையைக் கண்டெண்டு வைச்சு எறிஞ்சு பழகுறன்."

"கதிரை ஓடாது, பிள்ளை."

"அதுதான் நேற்றுக் குதிரையில ஏறினனான். எறிஞ்சதில பாதிக்கு மேல சரியா விழுந்தது. வாற மாசம் இத்தாலியில போட்டி. பேர் குடுத்திட்டன்."

அண்ணன் கைபேசியில் நாள்காட்டியைத் திறந்தார்.

"அப்ப நானும் வாறன்."

"நீங்கள் பயந்திடுவியள்."

"கண்ணை மூடிக்கொண்டு நிப்பன்."

"மூடுங்கோ," என்றாள் தங்கை. "சனம் கத்தேக்க திறவுங்கோ."