பஸ் வராத தடத்தில் ஒரு மறியல்

குஞ்சம்மாள்: இல்லவே இல்ல. அங்க மரம்னு ஒண்ணு இருந்ததே இல்ல. நீ கஞ்சியக் குடி.

ஆதிமூலம்: இருந்துச்சி குஞ்சு. இந்த வாசப்படியில உக்காந்தா நேரா தெரியும். புங்கமரம்.

குஞ்சம்மாள்: ஆஸ்பத்திரியில பாத்திருப்ப. ஒரு மாசம் அங்க இருந்தல்ல, அத இங்க பாத்ததா நெனச்சிக்கினு இருக்க.

ஆதிமூலம்: ஆஸ்பத்திரியில ஒரு கொடிக்கம்பம்தான் இருந்துச்சி.

குஞ்சம்மாள்: அதான். அதத்தான் மரம்னு நெனச்சிட்ட.

ஆதிமூலம்: கொடிக்கம்பத்துல எல இருக்குமாம்மே?

குஞ்சம்மாள்: டாக்டரு இன்னா சொல்லி அனுப்புனாரு? தலையில கரண்ட் வச்சி வைத்தியம் பண்ணியிருக்கோம், அஞ்சாறு மாசத்து ஞாபகம் முன்ன பின்ன ஆவும், வந்தா தானா வரும், போட்டு நோண்டாதன்னாரா இல்லியா?

ஆதிமூலம்: நோண்டல. கேக்கறேன்... ஆமா, நம்ம கெணத்து மோட்டாருக்கு கரண்ட் கேட்டு எழுதிப் போட்டு எத்தினி வருஷம் ஆவுது?

குஞ்சம்மாள்: எட்டு வருஷம்.

ஆதிமூலம்: பாரு, அது ஞாபகம் இருக்குது. மோட்டாருக்கு எட்டு வருஷமா வராத கரண்ட்டு எனக்கு ஒரே மாசத்துல எட்டு வாட்டி வந்துச்சி.

குஞ்சம்மாள்: ...யோவ்.

ஆதிமூலம்: இன்னா?

குஞ்சம்மாள்: சிரிச்சியா நீ?

ஆதிமூலம்: எப்ப?

குஞ்சம்மாள்: இப்பதான்யா! நாலு மாசம் கழிச்சி இப்பதான் சிரிக்கிற.

ஆதிமூலம்: ஞாபகம் இல்லியே.

குஞ்சம்மாள்: ஐயையோ...

ஆதிமூலம்: தமாசும்மே. ஒக்காரு.

குஞ்சம்மாள்: தமாசு பண்றதுக்கு வாய் வருது, கஞ்சி குடிக்கறதுக்கு வாய் வரல. ரெண்டே ரெண்டு மடக்கு குடிச்சிருக்க. எண்ணிக்கினுதான் இருக்கேன்.

ஆதிமூலம்: எறங்க மாட்டேங்குது. வாயில மண்ணு வச்ச மாரி இருக்குது.

குஞ்சம்மாள்: பசின்னு அவர் வாயால கேட்டுட்டார்னா பாதி நோவு போச்சின்னு டாக்டரு சொன்னாரு. நானும் தெனம் காத்துகினு இருக்கேன். பசிக்குதுன்னு பொய்யாச்சும் சொல்லேன்யா.

ஆதிமூலம்: பொய் சொல்ற வேலையத்தான் இந்த ஊரே பாத்துகினு இருக்குதே. நேத்து முனியன் வந்து, ஆடி மாசம் நான் அவனுக்கு ஆட்டுக்குட்டி தரேன்னு சொன்னதா சொல்லி புடிச்சிக்கினு போயிட்டான்.

குஞ்சம்மாள்: குடுத்தாலும் குடுத்திருப்ப.

ஆதிமூலம்: நீ இன்னாடான்னா, கல்யாணம் ஆன நாள்லேர்ந்து எட்டு கொடம் தண்ணி நான்தான் எடுப்பேன்னு சொல்ற.

குஞ்சம்மாள்: ஆமா. எட்டு.

ஆதிமூலம்: மூணு நாளா எடுக்கறேன். என் தோளு நம்ப மாட்டேங்குது.

குஞ்சம்மாள்: தோளுக்கும் மறந்துபோயிருக்கும்.

ஆதிமூலம்: சரி வுடு. மரம் இல்லன்ற. அப்ப அங்க மஞ்சத்துணி சுத்திகினு, குங்குமம் வச்சிகினு, முழங்கால் ஒசரத்துக்கு நிக்குதே... அது இன்னா?

குஞ்சம்மாள்: அதுவா? சாமி.

ஆதிமூலம்: இன்னா சாமி?

குஞ்சம்மாள்: மறிச்சம்மா.

ஆதிமூலம்: எப்பலேர்ந்து?

குஞ்சம்மாள்: உன் பாட்டன் காலத்துலேர்ந்து. இன்னிக்கு வெள்ளிக்கெழம, அதுக்குத்தான் பொங்கல் வச்சி எறக்கியிருக்கேன். நீ மட்டும் இன்னா, வெள்ளிக்கெழம ஆனா உருண்டுகினே போய் கும்புடுவ.

ஆதிமூலம்: எங்கேர்ந்து?

குஞ்சம்மாள்: வூட்லேர்ந்துதான்.

ஆதிமூலம்: நடுவுல வாய்க்கா இருக்குதே.

குஞ்சம்மாள்: வாய்க்காகிட்ட எழுந்து தாண்டிட்டு, அப்பால உருளுவ.

ஆதிமூலம்: ஓகோ... இந்த சாமிக்கு பக்கவாட்டுல எல வுடுது. நீ தெனம் காலையில போய் கிள்ளிப் போடற. நேத்து மூணு, முந்தாநேத்து அஞ்சு.

குஞ்சம்மாள்: அது சாமிக்கு முடி எறக்கறது.

ஆதிமூலம்: நாமதான் சாமிக்கு முடி எறக்குவோம். சாமிக்கேவா?

குஞ்சம்மாள்: இங்க அப்பிடித்தான்! கேள்வி கேட்டே கஞ்சிய ஆற வச்சிட்ட.

பாவாடை: யக்கோவ்! மாமா எப்பிடி இருக்குது?

ஆதிமூலம்: யாரு?

பாவாடை: மாமா! நான்தான் பாவாடை! உன் பொண்டாட்டி கூடப் பொறந்தவன்! இன்னாக்கா, என்னையே தெரியலியா இவருக்கு?

ஆதிமூலம்: உன்னத் தெரியும்டா மச்சான். நீ ஏறிகினு வந்த சைக்கிளு யாருதுன்னு கேட்டேன்.

பாவாடை: இதா... ஆடி மாசம் நீதான குடுத்த.

ஆதிமூலம்: அப்ப என் சைக்கிளு.

பாவாடை: இல்ல மாமா, என் சைக்கிளு. நீ குடுத்ததுனால என் சைக்கிளு.

ஆதிமூலம்: நான் கோமணத்தோட திரும்பி வந்ததே பெருசு போல.

குஞ்சம்மாள்: வந்த வேலையப் பாத்துட்டுப் போடா. அவருகிட்ட வாய் குடுக்காத.

ஆதிமூலம்: இருக்கட்டும். மச்சான், புரட்டாசியில ஒரு வாரம் ரோட்ட மறிச்சீங்களாமே. எனக்கு ஒண்ணும் ஞாபகமில்ல. சொல்லேன்.

பாவாடை: அதையா மறந்துட்ட! நம்ம சங்கம் மாமா. இருவது சதவீதம் எட ஒதுக்கீடு கேட்டு ஏழு நாளு. உளுந்தூர்பேட்டைக்கு இந்தாண்டயும் அந்தாண்டயும் ஒரு வண்டி நவுரல. ரோடு பூரா மரத்த வெட்டிப் போட்டாங்க. சில எடத்துல போலீஸு சுட்டாங்க மாமா... உயிரு போச்சி.

ஆதிமூலம்: நீ எங்கடா இருந்த?

பாவாடை: நான்... இங்கதான்.

ஆதிமூலம்: இங்கன்னா?

பாவாடை: நம்ம கரும்பு வண்டித் தடத்துல.

குஞ்சம்மாள்: பாவாடை, மோரு குடிக்கிறியா?

பாவாடை: வேணாக்கா.

குஞ்சம்மாள்: குடிப்ப.

ஆதிமூலம்: நம்ம தடத்துல பஸ்ஸே வராதேடா.

பாவாடை: வந்தா?

ஆதிமூலம்: முப்பது வருஷமா வரல.

பாவாடை: அதான் மாமா. அந்த ஏழு நாளு பாத்து வந்துட்டா? யாரு பதில் சொல்றது?

ஆதிமூலம்: ஏழு நாளும் காவலு?

பாவாடை: ஏழு நாளும். கொடி கட்டி, பத்து பேரு.

ஆதிமூலம்: எத்தினி வண்டிய மறிச்சீங்க?

பாவாடை: வண்டின்னு பாத்தா... கல்ராயன் மலையிலேர்ந்து ஒருத்தர் தேன் வித்துகினு வந்தாரு. அவர மறிச்சோம். ஆளுக்கு ஒரு வாய் தேன் குடுத்துட்டு, நான் வேணா திரும்பிப் போயிடறேன்னாரு.

ஆதிமூலம்: அப்பால?

பாவாடை: அப்பால ஒரு வாத்துக்கூட்டம். முந்நூறு உருப்படி இருக்கும்.

ஆதிமூலம்: மறிச்சீங்களா?

பாவாடை: கோஷம் போட்டோம் மாமா. அதுங்களும் போட்டுச்சிங்க. எங்களவிட ஜாஸ்தி சத்தம். அப்பால கெளைக்கு அடியில பூந்து போயிடிச்சிங்க.

ஆதிமூலம்: எதோட கெளைக்கு?

பாவாடை: மரத்துக்...

குஞ்சம்மாள்: டேய்! மோரக் குடிடா!

ஆதிமூலம்: எந்த மரம்?

பாவாடை: மரம்னா... மரமில்ல மாமா. நீட்டா ஒண்ணு இருந்துச்சி.

ஆதிமூலம்: எல இருந்துச்சா?

பாவாடை: எல இருந்துச்சி. ஆனா மரமில்ல.

ஆதிமூலம்: சரி. அந்த மறிச்சம்மா சாமி என் பாட்டன் காலத்துது. அதாச்சும் நெசமா?

பாவாடை: அது புரட்டாசியில...

குஞ்சம்மாள்: பாவாடை!

பாவாடை: ...உன் பாட்டன் காலத்து புரட்டாசியில மாமா.

ஆதிமூலம்: அதுக்கு இன்னா சக்தி?

பாவாடை: சக்தியா! அது ஒண்ணு மட்டும் சத்தியம் மாமா, அத வச்சி வெளையாடாத. எங்க ரம்பம், கோடாலி எல்லாம் மெயின் ரோட்டுக்குப் போயிடிச்சி. கையில ஒரு பேனாக்கத்தி கூட இல்ல. சாயந்தரம் அக்கா இதே வாசல்ல நின்னுகினு, வெட்டுங்கடா வெட்டுங்கடான்னு அழுவுது. எத வச்சிக்கா வெட்டறதுன்னு போயிட்டோம். காலையில வந்து பாத்தா, மரத்துல சாஞ்சிகினு ஒரு கோடாலி நிக்குது! காம்புல எண்ண தடவி! யாரு வச்சதுன்னு இந்த நிமிஷம் வரைக்கும்...

குஞ்சம்மாள்: முடிச்சிட்டியா?

பாவாடை: ...மரத்துலன்னு சொல்லிட்டனா?

குஞ்சம்மாள்: சொல்லிட்ட.

பாவாடை: வெட்டுனதையும்?

குஞ்சம்மாள்: எல்லாத்தையும் சொல்லிட்ட. கெளம்பு.

பாவாடை: மோரு?

குஞ்சம்மாள்: கெளம்புடா!

பாவாடை: வரேன் மாமா. நான் சொன்னத மறந்துடு. உனக்கு அது சுளுவுதான.

ஆதிமூலம்: ...போயிட்டான். சைக்கிள எடுத்துக்கினே போயிட்டான் பாரு.

குஞ்சம்மாள்: போவட்டும். நீ கஞ்சியக் குடி.

ஆதிமூலம்: குஞ்சு.

குஞ்சம்மாள்: ஆமாய்யா. மரம் இருந்துச்சி. புங்கமரம்தான்.

ஆதிமூலம்: ம்.

குஞ்சம்மாள்: சொல்லிடறேன். நீ மட்டும் ஒரேயடியா யோசிக்காத. தலைய வலிச்சா சொல்லு, நிறுத்திடறேன்.

ஆதிமூலம்: சொல்லு.

குஞ்சம்மாள்: ஆவணி மாசம் முடியறதுக்கு ஒரு நாளு... நீ கவுத்த எடுத்துக்கினு அந்த மரத்துக்குப் போயிட்ட. நான் ஓடியாந்து உன் கால கட்டிப் புடிச்சிகினேன். அன்னிக்கு கத்துன கத்துல என் தொண்ட இன்னும் சரியாவல.

ஆதிமூலம்: ஏன் போனேன்?

குஞ்சம்மாள்: காரணமே இல்லய்யா. அதான் எனக்கு தாங்கல. சண்டை இல்ல, சச்சரவு இல்ல. கரும்பு கூட நல்லாத்தான் நின்னுச்சி. காலையில எழுந்திருக்க மாட்ட, பேச மாட்ட, திங்க மாட்ட. யாரோ செய்வன வச்சிட்டாங்கன்னு ஊரு சொல்லுச்சி. டாக்டருதான், இது ஒரு நோவும்மா, சொரம் மாரி யாருக்கு வேணா வரும், வந்தா போவும்னாரு.

ஆதிமூலம்: உடனே அழச்சிகினு போயிருக்கலாமே.

குஞ்சம்மாள்: எதுல போறது? மறுநாளே மறியல். சங்கராபுரம் வரைக்கும் கூட ஒரு வண்டி இல்ல. எந்நேரமும் நீ இங்கயே உக்காந்துகினு, வச்ச கண்ணு வாங்காம அந்த மரத்தையே பாத்துகினு இருந்த. கவுறு எல்லாத்தையும் ஒளிச்சேன். கத்தி, அருவா, கோடாலி, எல்லாத்தையும் எருமுட்டை குமிக்குள்ள பொதச்சேன். மரத்த எங்கய்யா ஒளிப்பேன்? அதான் பாவாடை கால்ல வுழுந்தேன். ஊர்ல இருக்கற மரத்தெல்லாம் சாய்க்கறீங்களே, இத சாய்ச்சிக் குடுங்கடான்னு. மறியலுக்குன்னாத்தான் வெட்டணும்க்கா, சும்மா வெட்டுனா தப்புன்னானுங்க. அப்ப மறிங்கடான்னேன். மறிச்சானுங்க. பாவம், வாத்துகிட்ட அசிங்கப்பட்டானுங்க.

ஆதிமூலம்: அப்பால சாமி எப்பிடி?

குஞ்சம்மாள்: வெட்டுன மரத்துக்கெல்லாம் கணக்கெடுக்க சர்க்காரு ஆளு ஒருத்தரு வந்தாரு. யாரு வெட்டுனதுன்னு கேட்டா இன்னா சொல்றது? மஞ்சத்துணி சுத்திட்டேன். செருப்ப கழட்டி வச்சிட்டு கும்புட்டுட்டுப் போயிட்டாரு. நீ திரும்பி வரும்போதும் அதான். அடிமரத்தப் பாத்து எல்லாம் ஞாபகம் வந்து, மறுபடியும் அந்த நெனப்பு வந்துட்டா? ஊரு பூரா போய் சொல்லி வச்சேன், மரமே இல்லன்னு சொல்லுங்கன்னு. எல வுட்டா கிள்ளுனேன். உனக்கு ஞாபகமே வரக்கூடாதுன்னு வேண்டிக்கினேன்யா. எனக்கு நீ வேணும். உன் ஞாபகத்த வச்சிகினு நான் இன்னா பண்ணப் போறேன்?

ஆதிமூலம்: அழுவாத... கோடாலி?

குஞ்சம்மாள்: அது மட்டும் நான் வைக்கல. சத்தியமா வைக்கல. பாவாடை கூட மொதல்ல நான்தான் வச்சேன்னு நெனச்சான். எடுத்துக் குடுக்கலாம்னு எனக்கும்தான் தோணுச்சி. ஆனா குமிய கலச்சா எல்லாம் வெளிய வந்துடும், நீ பாத்துடுவன்னு பயந்துகினு தொடவே இல்ல. பொதச்ச எடம் வேற யாருக்கும் தெரியாது. எப்பிடி அங்க போச்சி? அதான்யா... ஊரு ஏமாத்துக்குக் கும்புடுது, நான் நெசமாவே கும்புடறேன். யாரோ என் பக்கம் நின்னாங்கன்னு. இரு, இந்தப் பொங்கலு ஆறிடும், அங்க படச்சிட்டு ஒரு ஓட்டமா வந்துடறேன்.

ஆதிமூலம்: அங்க எடுத்துக்கினு போவாத. இங்க குடு.

குஞ்சம்மாள்: சாமிக்கு வைக்காமயா? வாணாம்யா, கொறையாப் பூடும்.

ஆதிமூலம்: குமியில கைய வுட்டது நான்தான் குஞ்சு. நீ பொதச்சப்பவே பாத்துட்டேன். சாணி நாத்தம் ரெண்டு நாளு போவல. அந்த மரம் கூப்புட்டுகினே இருந்துச்சி, வாய் தொறந்து சொல்ல முடியல. நீ அன்னிக்கு பாவாடைகிட்ட அழுதது காதுல வுழுந்துச்சி. வெட்டிடட்டும்னு விடியறதுக்குள்ள நானே கொண்டுபோய் சாச்சி வச்சேன்... வூட்டுக்கு வந்த அன்னிக்கே இதெல்லாம் ஞாபகம் வந்துடிச்சி. மரமே இல்லன்னு நீ சொல்லச் சொல்ல கேக்க நல்லா இருந்துச்சி, அதான் தெனம் கேட்டேன். எட்டு கொடம் பொய்யின்னும் தெரியும். பொங்கல இப்பிடி நவுத்து. சாமிக்குப் பசிக்குது.