செருப்பில்லாதவளுக்கு ரூத் பெரியம்மா எழுதிய பதில்

கையால் எழுதிய கடிதங்களைத்தான் நான் முதலில் பிரிப்பேன். தட்டச்சு செய்து அனுப்புகிறவர்கள் பெரும்பாலும் முடிவெடுத்துவிட்டுத்தான் எழுதுகிறார்கள்.

எங்கள் ஊர் வாரப் பத்திரிகையில் வாசகர்களின் வீட்டுக் கவலைகளுக்கு யோசனை சொல்லும் ரூத் பெரியம்மா, பதினோரு வருடமாக நான்தான். ஆசிரியரைத் தவிர யாருக்கும் தெரியாது. வட டகோட்டாவில் இவ்வளவு சின்ன ஊரில், தெரிந்தால் யார் மனம்விட்டு எழுதுவார்கள்? தன் முகவரி எழுதி, தபால்தலை ஒட்டிய உறையை உள்ளே வைத்து அனுப்பினால் அச்சில் போடாமல் தனியாகப் பதில் எழுதுவேன். அப்படி ஓர் உறைதான் இப்போது இந்தக் காவல் நிலையத்தில் உங்கள் மேசைமேல் இருக்கிறது, ஐயா.

அதில் இருக்கும் பெயர் கொரீன். என் மகன் டெல்பர்ட்டின் மனைவி.

முதல் கடிதம் அக்டோபரில் வந்தது. வேலைக்குப் போகும்போது கணவர் அவளுடைய செருப்பு, பூட்ஸ் எல்லாவற்றையும் வண்டியில் போட்டு எடுத்துப் போய்விடுகிறார் என்று எழுதியிருந்தாள். மூன்று ஜோடி காலுறைக்கு மேல் ரொட்டி வந்த பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டு தபால் பெட்டிவரை நடப்பாளாம். கீழே, 'செருப்பில்லாதவள்' என்று கையெழுத்து.

பொறுமையாக இரு, அவருக்குப் பிடித்ததைச் சமைத்துப் போடு என்று எழுதினேன். நன்றி சொல்லிப் பதில் போட்டாள். பிறகு வாரம் ஒரு கடிதம். என்னிடம் இவ்வளவு பேசுவாள் என்று நான் நினைத்ததே இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வரும்போது தட்டைப் பார்த்தபடியே இருப்பாள்.

ஒரு ஞாயிறு டெல்பர்ட் சிரித்தான். "அம்மா, இந்த மகாராணிக்கு ரூத் பெரியம்மான்னா உசுரு. கத்திரிச்சுக் கத்திரிச்சு வச்சிருக்கா. நான் சொன்னா மட்டும் காது கேக்காது."

"அவங்க நம்ம பேச்சைக் காது குடுத்துக் கேக்கறாங்க, அத்தை. அவ்வளவுதான்," என்றாள் கொரீன் என்னிடம்.

"பாத்தியா, உன்னையே குத்திக் காட்டுறா."

"உருளைக்கிழங்கு எடுத்துக்கடி," என்றேன்.

கடைசிக் கடிதம் ஜனவரியில் வந்தது. செவ்வாய்க்கிழமை அவன் மாட்டுச் சந்தைக்குப் போனதும் ஃபார்கோவிலிருந்து அக்கா காரில் வந்து கூட்டிப்போவாள். போகலாமா? பெரியம்மா சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், தைரியம் வந்துவிடும்.

இரண்டு நாள் யோசித்தேன். போ என்று எழுதுவது சுலபம்தான். அவள் அப்படிப் போய்விட முடியுமென்றால், நானும் அப்படிப் போயிருக்கலாம் என்றாகிவிடும். முப்பத்தொரு வருடத்தை அப்புறம் எங்கே கொண்டுபோய் வைப்பது?

போ என்றுதான் எழுதினேன். ஆனால் திருடியைப் போலப் போகாதே, முதல்நாளே அவரிடம் நேராகச் சொல்லிவிடு, உண்மை எந்த மனிதனையும் இளக்கும் என்றேன். 'அன்புடன்' என்று முடித்தேன். நானே போய்த் தபாலில் சேர்த்தேன்.

திங்கட்கிழமை மதியம் சாப்பாட்டு மேசையில் சொல்லியிருக்கிறாள். அவன் அவளை வெறுங்காலோடு வெளியே தள்ளிக் கதவைத் தாழிட்டான். அன்றைக்குக் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே முப்பது. மாட்டுக் கொட்டகைக்குப் போகிற வழியில் உயிர் போய் விறைத்துக் கிடந்தவளை நீங்கள்தான் தூக்கினீர்கள்.

அவன் என்ன செய்வான் என்று எனக்குத் தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும். போகிறேன் என்று அவன் அப்பாவிடம் நான் சொன்ன அன்றைக்கும், அப்போது நாங்கள் இருந்த, இப்போது அவன் இருக்கிற அதே வீடு, அதே கதவு. டெல்பர்ட்டுக்கு ஆறு வயது, உள்ளே நின்று ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தான். கால்மணி நேரம் கழித்து நான் கதவைத் தட்டி மன்னிப்புக் கேட்டேன். திறந்தார். அதன்பிறகு எங்கள் வீட்டில் ஒரு சண்டைகூட இல்லை.

இவளும் தட்டுவாள் என்றுதான் இருந்தேன். தட்டு என்று ஒரு வரி சேர்த்து எழுதியிருக்கலாம். அந்த ஒரு வரிதான், ஐயா, என் தப்பு.